தண்ணீருக்குள் துணி கூடாது

நான் ஜப்பானுக்குப் போய் வந்தவள் என்று சொன்னால் இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். சூட்கேசும்தான் போய் வந்தது. நான் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோராவுக்கு, அதுதான் வீட்டு எசமானி அம்மாவுக்கு, சாவதற்கு முன் ஒரு தடவை ஜப்பானைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மிலானோவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் மகள் எல்லா ஏற்பாட்டையும் செய்தாள். கிழவியால் தனியாக நடக்க முடியாது, குளிக்க முடியாது, கதிரையை விட்டு எழும்ப முடியாது. தூக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதனால் எனக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டில் ஏழு வருடமாக அவருடைய உடம்பை நான்தான் கழுவினேன். முதுகில் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் உடம்பு மட்டும் அவருக்குத் தெரியாது. கொதிக்கிற கோடையிலும் கழுத்து மூடிய, முழங்கை தாண்டிய சட்டைதான் போடுவேன். "உனக்கு வேர்க்கிறதே இல்லையோ?" என்று பகிடி பண்ணுவார். அவரும் மகளும் இத்தாலியனில் சொன்னது எல்லாம் எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் மூடிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை. எங்கள் நாட்டுக் கடைசி யுத்தத்தில் ஒரு ஷெல் என் இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழித்துவிட்டுப் போனது. அவசரத்தில் தைத்த தையல், சாக்குத் தைத்த மாதிரி இருக்கும். ஒரு துண்டு இன்னும் தோளுக்குள்ளேயே கிடக்கிறது. அந்தத் தோள் வலிக்கும், ஆனால் பாரம் தூக்கும். அவரை நான் ஒரு நாளும் நழுவ விட்டதில்லை. ஆனால் எனக்கு முன் அங்கே இருந்தவள் முதுகு நோகிறது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கிழமையே அவளை அனுப்பிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிஞ்ஞோரா இதை எனக்குச் சொல்லி வைத்தார். வீட்டோடு தங்குபவளுக்கு வேலை போனால் படுக்கும் கட்டிலும் போகும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் காட்டும் வேலை ஒப்பந்தமும் சேர்ந்து போகும். பிறகு நான் ஏன் சட்டையைக் குட்டையாகப் போடுகிறேன்?

ஜப்பானில் நாங்கள் தங்கிய சத்திரம் மலைக்குள் ஒரு வெந்நீர் ஊற்றோடு இருந்தது. முழுக்க மரம், நல்ல வாசம். செருப்பை வாசலிலேயே வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அறையில் கட்டில் கிடையாது, உருப்படியான கதிரை கிடையாது. பாய் பரப்பிய தரையில் மெத்தையைப் போட்டுப் படுக்க வேண்டும். எண்பது தாண்டிய ஒரு மனுஷியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது என்றால் என்ன என்று மகள் யோசிக்கவில்லை. அவள் ஏன் யோசிக்க வேண்டும், நான் இருக்கிறேனே! முதல் தடவை தூக்கியபோதே என் தோள் கிழிந்துவிட்டது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மகள் கைத்தொலைபேசியைப் பார்த்து வாசித்தாள். "அம்மா, இந்த ஊற்றுத் தண்ணி காயத்துக்கு நல்லதாம். அந்தக் காலத்திலை வெட்டுப்பட்ட போர்வீரர் எல்லாம் இஞ்சைதான் வந்து கிடந்தவையாம்."

"காயம் ஆருக்கு இருக்கு? என்ரை முழங்காலுக்கு நல்லதோ எண்டு பார்" என்றார் சிஞ்ஞோரா.

அம்மாவோடு தானே குளிக்க இறங்கப் போவதாக மகள் விமானத்தில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். வெந்நீர் ஊற்றும் எனக்குப் புதிதில்லை. எங்கள் நாட்டில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, பெண்கள் நெஞ்சுக்கு மேல் குறுக்குக்கட்டோடு நின்று அள்ளி அள்ளி வார்ப்போம், யாரும் யாருடைய உடம்பையும் பார்ப்பதில்லை. அப்படி இறங்க நேர்ந்தாலும் சமாளிக்கலாம் என்று ஒரு சீத்தைத் துணித் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

சத்திரத்துப் பணிப்பெண் படம் போட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் மண்டியிட்டாள். பச்சை குத்தியவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது. மகளுக்கு முதுகு நிறையப் பச்சை, கொடியும் பூவுமாகப் பெரிய தோட்டம். கெஞ்சிப் பார்த்தாள், கோபப்பட்டுப் பார்த்தாள். பணிப்பெண் ஒவ்வொரு தடவையும் தலை நிலத்தில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள், ஆனால் ஓர் அங்குலமும் அசையவில்லை. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீதான்."

"எனக்குச் சுகமில்லாத நாள், சிஞ்ஞோரீனா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு இன்னுமோ வருது?"

கிழவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சாட்டு எடுபடவில்லை.

குளியல் அறையில் சிஞ்ஞோராவைச் சிறிய முக்காலியில் இருத்தி, வீட்டில் செய்வது போலவே சவுக்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு ஒரு மூலைக்குப் போய் உடுப்பைக் களைந்து, சீத்தைத் துண்டைக் குறுக்கே கட்டி, பெரிய துவாயைத் தோளில் போர்த்திக்கொண்டு வந்தேன். அவரைத் தாங்கிக்கொண்டு குளத்து விளிம்பில் கால் வைத்ததுதான் தாமதம், பணிப்பெண் ஓடி வந்தாள். தண்ணீருக்குள் துணி கூடாது. துவாயைச் சுட்டினாள், சீத்தைத் துண்டைச் சுட்டினாள், குனிந்தாள். நான் தலையாட்டி மறுத்தேன். மறுபடியும் குனிந்தாள். இவ்வளவு மரியாதையோடு ஒருத்தி என் துணியை உரிக்க நின்றது அதுதான் முதல் தடவை.

"கழட்டன்!" என்றார் சிஞ்ஞோரா. "எனக்குக் குளிருது. உன்னை ஆர் பாக்கப் போயினம்? உன்னைப் பாக்கவோ சனம் ஜப்பானுக்கு வருது?"

கழட்டினேன்.

குளத்துக்குள் இருந்த இரண்டு ஜப்பான்காரிகள் மெல்ல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிஞ்ஞோரா திரும்பவில்லை. தோளைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், இடுப்பு வரைக்கும் கண்ணை இறக்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு விரலை நீட்டித் தழும்பில் அழுத்தினார். காப்போ சந்தையில் மீனை அழுத்திப் பார்ப்பாரே, அதே விரல்.

"இந்தத் தோளாலையோ இவ்வளவு காலமும் என்னைத் தூக்கினனீ?"

"ஓம், சிஞ்ஞோரா."

"நீ என்னைக் கீழை போட்டிருந்தா?"

என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நோகிறதா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அந்த ஆறுதலைக் கூட அவர் எனக்குத் தரவில்லை. அவரைப் பிடித்து மெல்ல இறக்கினேன், நானும் இறங்கினேன். தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் பொய் சொல்ல மாட்டேன். கழுத்தளவு சூடு ஏறியதும் எத்தனையோ வருடமாக இறுகிக் கிடந்த தோள் தானாகவே இளகியது. அந்த நேரத்தில் அந்தச் சுகம் வந்ததற்காக எனக்கு அந்தத் தண்ணீர் மேலேயே கோபம் வந்தது. சிஞ்ஞோரா இரண்டு கையாலும் குளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடிக்கவில்லை.

இராச்சாப்பாடு அறைக்கே வந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் என்னென்னவோ. நான் பக்கத்தில் இருந்து கிழவிக்கு மீனில் முள்ளெடுத்துக் கொடுத்தேன். தாயும் மகளும் சிசிலியப் பேச்சுக்கு மாறினார்கள். அது எனக்கு விளங்காது என்பது அவர்கள் நினைப்பு. பலேர்மோவில் ஏழு வருடம் மரக்கறி வாங்கியவளுக்கு அது விளங்காதா?

"உடைஞ்ச சாமானைத் தந்து எங்களை ஏமாத்திப்போட்டாள்" என்றார் தாய்.

"அவள் பாவம், அம்மா. அவளுக்கு என்ன நடந்ததாம்?"

"யுத்தம்தான். அவையள் எல்லாருக்கும் இருக்கிறதுதானே. பாவம் பாத்தா நாளைக்கு இடுப்பு முறியிறது எனக்கு."

மகள் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஊருக்குப் போய்ப் பாப்பம்" என்றாள். நான் அடுத்த மீனைப் பிட்டேன்.

மிச்ச நாட்கள் முழுவதும் நான்தான் அவரைக் குளத்தில் இறக்கினேன். வேறு ஆள் ஏது? ஒவ்வொரு தடவையும் என் கைக்குள் அவர் உடம்பு விறைத்தது. உடைந்த சாமான் ஒரு தடவை கூட வழுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பார்த்தார்கள். மாத முடிவோடு நிறுத்துவதாக மகள் தொலைபேசியில் சொன்னாள், குரலில் தேன். "நீ ஓய்வெடுக்கோணும். உன்ரை நன்மைக்குத்தான்." போவதற்கு முன் புதிதாக வருபவளுக்கு அம்மாவைக் குளிப்பாட்டும் முறையைக் காட்டிக் கொடுக்கச் சொன்னாள். ஒப்பந்தம் இல்லாமல் என் பெர்மெஸ்ஸோ என்னாகும் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாத விஷயம் என்றாள்.

புதியவள் மன்னார்ப் பெண், கோயிலில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து சில மாதம்தான், இத்தாலியன் ஒரு சொல் வராது. என்னை அக்கா, அக்கா என்று சுற்றி வந்தாள். குளியல் அறையில் சிஞ்ஞோராவைக் கதிரையில் இருத்திவிட்டு, எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே தூக்கக் கூடாது என்று காட்டத் தொடங்கினேன்.

"பொறு" என்றார் சிஞ்ஞோரா என்னைப் பார்த்து. "முதல்லை இவளைச் சட்டையைக் கழட்டச் சொல்லு. நான் பாக்கோணும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை. "தங்கச்சி, இந்த மனிசி கூடாது. இந்த வேலை உனக்கு வேண்டாம், இப்பவே வெளிக்கிடு" என்றேன்.

அவள் மிரண்டு போய் என்னையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தாள். சிஞ்ஞோரா பொறுமையிழந்து தன் நெஞ்சில் இரண்டு விரலால் பொத்தானைக் கழற்றுவது போலக் காட்டினார். அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானே அக்கா? பாக்கட்டும். எனக்கு உடம்பிலை ஒரு காயமும் இல்லை."

கழற்றினாள். சொல்லாமலேயே ஒரு சுற்றுச் சுற்றி முதுகையும் காட்டினாள். "பெல்லா" என்றார் சிஞ்ஞோரா, அழகி என்று. அந்த ஒரு சொல் அவளுக்கு விளங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது கிழவி மேல் இல்லை. ஒரு கீறலும் இல்லாத அந்த முதுகைப் பிறாண்டிவிட வேண்டும் போல என் கை துடித்தது. அந்தக் கையால்தான் சவுக்காரத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.