மலைத்தடத்துக்கு ஒரு பைக்

இருபத்தாறு வருடங்களாகப் பைக் ஓட்டுகிறார் கியரக்கா. கீழே விழுந்தது ஒரே ஒரு முறை. அதுவும் நின்றிருந்த வண்டியோடு, பெட்ரோல் பங்கில். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கூடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் மற்றவர்கள் எல்லாம் ஸ்கூட்டரில் வர, இவர் மட்டும் கியர் வண்டியில் வந்து இறங்கினார். அன்று ஒட்டிக்கொண்ட ‘கியரக்கா’ என்ற பெயர் இன்றுவரை உரியவில்லை.

போன மாத மழையில் மலைக்குப் போகும் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இப்போது காட்டு வழியே ஒரு மண்தடம்தான். மேனேஜர் கூப்பிட்டார்.

“அந்த ரூட்டுக்குச் சேத்துல ஓடுற பைக் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. சனிக்கிழமை மதியத்துக்குள்ள அதுல மேல போய்ச் சேரணும். அங்க இருக்கற நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும்.”

“முடியலேன்னா சார்?”

“கவுண்டர்ல ஆள் இல்லம்மா. ஏசி ரூம். டோக்கன் குடுத்தாப் போதும்.”

ஊருக்குள் இருக்கும் ரூட்டுகளை ஏற்கெனவே ஸ்கூட்டர்க்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. கியரக்காவுக்கு இருப்பது மலை ரூட் மட்டும்தான்; அதுவும் கைவிட்டுப் போனால் வண்டி ஓட்டும் வேலையே கிடையாது. ஏசி அறையில் டோக்கன் கிழிப்பதை நினைத்தபோதே கியரக்காவுக்கு மூச்சு முட்டியது.

வெள்ளிக்கிழமை கணவரோடு பழைய பைக் கடைக்குப் போனார். கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணம் ஆன நாள் முதல் பின்சீட்டு.

கடையை நடத்துவது முப்பது வயதுப் பெண். முழங்கால்வரை காய்ந்த சேறு. இரண்டு பைக்குகளைக் காட்டினார். ஒன்று பெரிய எஞ்சின், நானூற்றைம்பது சிசி. இன்னொன்று அதில் பாதி, ஒட்டகக் குட்டிபோல மெலிந்து நின்றது.

“நான் தினமும் ஓட்டுறதே ஐந்நூறு சிசிம்மா. பெருசையே பாத்துடறேன்” என்றார் கியரக்கா.

கடைக்காரப் பெண் சிரித்தபடி சாவியைக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் மண்மேடு போட்ட திடல். ஆக்சிலேட்டரைச் சாலையில் திருகுகிற அளவுக்குத்தான் திருகினார். பின்சக்கரம் ஒரு கூடை மண்ணை வாரிக் கணவரின் சட்டையில் அடித்துவிட்டு, பைக் தனியாகப் போய் மேட்டில் முட்டிக்கொண்டது. கியரக்கா நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார்.

“வண்டி போயிடுச்சு, நீ கிளம்பலையா?” என்றார் கணவர், வாயில் போன மண்ணைத் துப்பிக்கொண்டே.

“உங்க சட்டையப் போய்த் தட்டுங்க முதல்ல.”

சின்ன பைக்கில் ஏறினால் வேறு தொல்லை. கால் நுனிதான் தரையில் பட்டது.

“சீட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடுக்க முடியுமா?”

“இறக்கினா வண்டியோட அடிவயிறு கல்லுல அடி வாங்கும்க்கா. சிக்னல்ல நிக்கவா போறீங்க? ஒரு பக்கமா நகந்து ஒரு காலை ஊனுங்க, போதும். ஓட்டும்போது எந்திரிச்சு நின்னுக்குங்க.”

எழுந்து நின்று திடலைச் சுற்றினார். முதல் சுற்றில் பயம், மூன்றாவது சுற்றில் சிரிப்பு. இதுதான் என்று முடிவாயிற்று. “டயர்ல காத்தெல்லாம் நானே பாத்து வெச்சிருக்கேன்க்கா. நாளைக்கு ஓட்டிட்டு வந்து சொல்லுங்க” என்று கடைக்காரப் பெண் வண்டியைக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலை, காலிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். தார்ச்சாலையில் வண்டி மெத்தைபோல அமுங்கியது. காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்து, வழியில் இருந்த பங்கில் நிறுத்தி, தன் வண்டிக்கு வைக்கிற அளவுக்கே இரண்டு டயரிலும் அடித்துக்கொண்டார். அதன் பிறகு மலையடிவாரம்வரை வழுவழுவென்று ஓடியது.

தடம் தொடங்கியதும் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சோளமணிமேல் நடப்பதுபோல் இருந்தது. முதல் வளைவில் விழுந்தார். தூக்கி நிறுத்தி ஏறினார். அடுத்த ஏற்றத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் போக, மறுபடியும் சேறு. நேற்று திடலில் கைவந்தது இன்று எங்கே போனது? வயது நாற்பத்தெட்டு. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று பாறைமேல் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தார்.

“என்னங்க, நான் கவுண்டர்லயே உக்காந்துக்கறேன்.”

“அடிபட்டுச்சா?”

“இல்ல. எனக்கு வரலங்க. தார் ரோட்டோட என் வித்தை முடிஞ்சுபோச்சு.”

மறுமுனையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் நின்றது. “நீ ஓட்டி ஒருநாள்கூட நான் விழுந்ததில்ல. இன்னிக்கு என்ன புதுசா? நேத்து நல்லாத்தானே ஓட்டுன? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாரு. அப்புறம் கவுண்டர்ல உக்காரு, மேஜை நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது.”

தண்ணீர் குடித்துக்கொண்டே கீழே பார்த்தார். காலையில் வேறு யாரோ ஒரு பைக்கில் மேலே போயிருக்கிறார்கள். அந்தத் தடம் உள்ளங்கை அகலத்தில், டயரின் ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றும் பதிந்து கிடந்தது. பக்கத்தில் இவருடைய தடம், நடுவில் ஒரு வரிசை மட்டும், ஒல்லியாக. டயர் அகலமானதுதான். ஆனால் மண்ணைத் தொட்டது அதன் முதுகெலும்பு மட்டும்.

கட்டைவிரலால் டயரை அழுத்தினார். கல். தலையில் அடித்துக்கொண்டார். சேற்றில் டயர் அமுங்கினால்தானே பிடிக்கும்! காற்று இறங்கவில்லை, அந்தப் பெண் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறாள். அதைப் போய் நிரப்பியது, தார்ச்சாலையில் பழகிய இந்தக் கைதான்.

சாவி முனையால் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போகப்போக, காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்ததும் கூடவே போனது. டயர் பாதி அமுங்கும்வரை விட்டார். ஏறி, எழுந்து நின்று, மெதுவாகத் திருகினார். வண்டி நகம் பதித்து ஏறியது. விழுந்த ஏற்றத்தைத் தாண்டியபோது ஆளில்லாத காட்டில் சத்தமாகச் சிரித்தார்.

மேலே நர்ஸ் வாசலுக்கு ஓடிவந்தார். “என்ன மேடம், ஒரு பக்கம் மட்டும் சேறு பூசிட்டு வந்திருக்கீங்க?”

“ரெண்டு தடவையும் ஒரே பக்கந்தான் விழுந்தேன். முதல்ல என் மேனேஜருக்குப் போனப் போடுங்க, மணியப் பாருங்க.”

மதியம் ஆக இன்னும் நேரமிருந்தது. நர்ஸ் பேசி முடித்ததும் கியரக்கா தன் போனில் கணவரை அழைத்தார். “காத்துங்க! வெறும் காத்து! எனக்கு ஒண்ணும் ஆகல.” கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் “அப்பாடா” என்றார், கடையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

திங்கட்கிழமை அந்தச் சின்ன பைக்குக்கான தொகையைப் பரிசோதனைக் கூடம் கட்டுகிறது. செவ்வாய்க்கிழமை காலை கியரக்கா மலையிலிருந்து முதல் பெட்டியை இறக்குகிறார்.