நிறுத்திவைக்கப்பட்ட பஸ்

ஜெபமலர் அக்காவின் மகள் எனக்குப் போன் எடுத்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், மேல்தட்டில் இருந்தேன். பஸ் ஓடவில்லை. பஸ்களுக்கிடையே இடைவெளியைச் சீராக்குவதற்காக இது சற்று நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்து ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது. “ஆன்ட்டி, அம்மா போயிட்டா” என்றாள் மகள். இன்னும் இரண்டே இரண்டு தரிப்பிடம்தான் மிச்சம். என் கைப்பையில் அக்காவுக்காகக் கொண்டுபோன நகவெட்டி இருந்தது.

நம் சபையில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஞாயிறு பிற்பகல், ஆங்கிலச் சபையார் போன பிறகுதான் நோர்பரி மண்டபம் நம் கைக்கு வரும். சாட்சி நேரத்தில் நாமெல்லாம் விசா கிடைத்ததற்கும் பிள்ளைகள் பாஸ் பண்ணியதற்கும் நன்றி சொல்வோம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த அக்கா மட்டும் அந்தக் கிழமை கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றோடு எழுந்து நிற்பார். ஒருநாள் அவர் எடுத்துக்கொண்டது தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் நமது பெரிய பாத்திரத்தை. “லண்டன் தண்ணி பார்க்கச் சுத்தமாத்தான் கிடக்கும். ஆனா அடியில ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு படியுது. மனசும் அப்பிடித்தான்” என்றார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். முதல்நாள் வினாகிரி ஊற்றி அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தவள் நான். வேலை எனக்கு, பாடம் உங்களுக்கா என்று அக்காவிடம் கேட்டேன். தேநீர்க் கோப்பைகளைக் கழுவி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ் பாடமும் அவருடையதுதான். பஸ்ஸை நிறுத்திவைத்தால் உள்ளே இருக்கிற நாங்கள் எரிச்சல்படுகிறோம். ஆனால் முன்னால் எங்கோ ஒரு தரிப்பிடத்துக்கு ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்காகத்தான் இது நிற்கிறது. ஆண்டவர் எங்களை நிறுத்திவைத்தாலும் அப்படி யாருக்காகவோதான் என்றார். அதைக் கேட்ட பிறகு நான் பஸ்ஸில் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. நீங்கள் எல்லாரும் மிட்சம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், சூப்போடும் பாடங்களோடும். ஆண்டவர் பொறுமையைக் கற்பிக்கிறார் என்றார் ஒருவர். பெரிய ஆசீர்வாதம் ஒன்று வரப்போகிறது என்றார் இன்னொருவர். கோபிக்காதீர்கள், எனக்கு அப்போது உங்களைக் கண்டாலே ஆகவில்லை. அந்தக் கோபம் முழுவதையும் பாவம் ஜெபமலர் அக்கா மேல்தான் கொட்டினேன்.

“எல்லாத்திலயும் நீங்கள்தானே பாடம் காணுறனீங்கள். இதில என்ன பாடம் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்றேன்.

அவர் என் கணவரின் கால்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியேல்லை, சுகந்தி” என்றார். பிறகு ஒரு பேசினில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, நிலத்தில் உட்கார்ந்து, என் கணவரின் பாதங்களை ஊறவைத்து நகங்களை வெட்டினார். அவை அவ்வளவு வளர்ந்திருந்ததை நான் கவனித்திருக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, “இந்தக் கிழமை என்னட்டப் பாடம் இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று பாஸ்டர் காத்திருந்தார். சிலர் சிரித்தீர்கள். கடைசி வரிசையில் நான் அழுதேன். நோய் வந்த நாளிலிருந்து எனக்கு யாரும் செய்யாத ஆறுதலை அந்த ஒரு வசனம் செய்தது.

பிறகு அக்காவுக்கே நோய் வந்தது. நாங்கள் உபவாசம் இருந்தோம், முறை வைத்து ஜெபித்தோம். அவர் மெலிந்துகொண்டே போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் போதெல்லாம், “இண்டைக்கு வழியில என்ன கண்டனீர்?” என்று கேட்பார். எனக்கு அவருடைய கண் இல்லை. ஒருமுறை டிராமைப் பற்றி ஏதோ ஒரு பாடத்தை நானே கட்டிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “நல்லாயில்லை” என்றார்.

கடைசியாகப் பார்த்த அன்று அவர் பாடம் கேட்கவில்லை. கால் நகம் விரிப்பில் மாட்டி இழுக்கிறது என்றார். தாதியிடம் கேட்டேன், பாதத்துக்கென்று இருப்பவர் வந்துதான் வெட்டவேண்டும், வர நாளாகும் என்றாள். “நாளைக்கு நகவெட்டியோட வாறன் அக்கா” என்றேன். “ஓம், வாரும்” என்றார்.

அந்த மறுநாள்தான் பஸ் நின்ற நாள். இறங்கி ஓடியிருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். இரண்டு தரம் இருக்கையை விட்டு எழும்பினேன். இரண்டு தரமும் அக்காவின் பாடம் ஞாபகம் வந்து, யாரோ ஒருத்தி ஓடி வருகிறாள், பொறுத்திரு என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன். ஓடியிருக்க வேண்டியவள் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது பாதங்களையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள். போர்வையை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நகவெட்டியைக் கையில் பிடித்தபடி கட்டிலடியில் நின்றேன். வேறென்ன செய்வது?

அந்த பஸ் யாருக்காக நின்றது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் அவருடைய நாற்காலி வெறுமையாக இருந்தது. யாராவது எழும்புவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை. நான் எழும்பினேன். “இந்தக் கிழமை என்னட்டப் பாடம் இல்லை” என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு வசனம்தான். அன்று வீட்டுக்கு வந்து, பேசினில் சுடுதண்ணீர் எடுத்து, கைப்பையில் அப்படியே கிடந்த நகவெட்டியால் என் கணவரின் கால் நகங்களை வெட்டினேன்.