இடிச்சாமிக்கு விழாத ஓட்டு

இடிச்சாமி என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தில் வந்து சேர்ந்த புதிதில் அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஒரு மூலையில் உட்கார்ந்து மௌனமாக ஜெபம் செய்துகொண்டு காலத்தை ஓட்டலாம் என்று ஆசைப்பட்டுத்தான் துறவியானார். அப்போதைய மடத்தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மடத்துப் பள்ளியின் ஆறாம் வகுப்பைத் தூக்கிக் கையில் கொடுத்தார். கீழ்ப்படிவேன் என்று கடவுளிடமே வாக்குக் கொடுத்தவர் என்ன செய்ய முடியும்? முதல் வாரம் முழுக்கச் சிற்றாலயத்தில் போய் அழுதார். அடுத்த வருஷமே, அவர் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார். அதன்பின் அந்த மனுஷனுக்கு ஆறாம் வகுப்புதான் உயிர். விடுமுறை வந்தால் முகம் வாடிவிடும். பெஞ்சு துடைக்கிறேன் பேர்வழி என்று காலி வகுப்பறையிலேயே பழியாகக் கிடப்பார்.

தலை நரைத்தபின் வந்தது வினை. பழைய தலைவருக்குத் தள்ளாமை வந்துவிட்டதால் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மடத்தில் இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய துறவிகள். ரகசிய ஓட்டு. எனக்குப் போடுங்கள் என்றும் கேட்கக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. தலைவரானவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒழுகும் கூரையையும் வரும் விருந்தாளியையும் பார்க்க வேண்டுமே தவிர, வகுப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மூத்தவர், படித்தவர் என்று பார்த்தால் தன் தலையில்தான் கட்டுவார்கள் என்று இடிச்சாமிக்குத் தெரிந்துபோயிற்று.

வேண்டாம் என்று சொல்லத்தானே கூடாது? லாயக்கில்லாத ஆள் என்று காட்டிக்கொள்ளத் தடையில்லையே. காரியத்தில் இறங்கினார். விடியற்காலை ஜெபத்தில் வேண்டுமென்றே குறட்டை விட்டார். வாய் பேசாமல் சாப்பிட வேண்டிய இடத்தில், சூப்பில் உப்பில்லை என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். எல்லோரும் கை கழுவியபின்னும் தட்டை நீட்டினார். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்ன குற்றத்துக்காகத் தோட்டம் பார்க்கும் துறவியோடு மல்லுக்கு நின்றார். செய்ததற்கெல்லாம் படுக்குமுன் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த நாளைக்கு என்ன செய்யலாம் என்றும் அப்போதே யோசித்து வைத்துக்கொண்டார்.

ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்து வாசித்தார்கள். சமையல்கட்டைக் கவனிக்கும் துறவியின் பேர் வந்தது. மறுபடியும் அவர் பேர். ஒன்றே ஒன்று தோட்டக்காரருக்கு. இடிச்சாமியின் பேர் கடைசிவரை வரவில்லை.

தப்பித்தோம் என்று கண்ணை மூடி நன்றி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சுருக்கென்றது. ஒன்றுகூடவா இல்லை? இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம், ஒருத்தருக்குக்கூடவா என் ஞாபகம் வரவில்லை? அவ்வளவு தத்ரூபமாகவா நடித்துத் தொலைத்தோம்? போனது போகட்டும், உண்மையைச் சொல்லி நல்ல பேரையாவது மீட்டுக்கொள்வோம் என்று நேரே சமையல்கட்டுக்குப் போனார். புதுத் தலைவர் சாவிக்கொத்தும் கையுமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குறட்டை, உப்பு, தட்டு, சண்டை எல்லாம் தேர்தலுக்காகப் போட்ட வேஷம் என்று இடிச்சாமி ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

புதுத் தலைவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "இதுல எது பிரதர் புதுசு?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

வேஷத்தால் இல்லையென்றால் தனக்கு ஏன் ஒரு ஓட்டுகூட விழவில்லை என்று இடிச்சாமி கேட்டார்.

"நீங்க தலைவரானா ஆறாம் வகுப்பு யார் தலையில விழும்? அந்தப் பசங்களை உங்களை விட்டா யாரு மேய்ப்பா? நீங்க மட்டும் வந்துடக் கூடாதுன்னு நாங்க அத்தனை பேரும் மனசார ஜெபம் பண்ணினோம் பிரதர்."

"என் மனசுக்காக ஒருத்தராவது போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். அந்த நல்ல மனசு எல்லாருக்கும் வந்து தொலைச்சிருந்தா?"

பள்ளிக்கூட மணி அடித்தது. தன் வகுப்பு தன்னிடமே தங்கிவிட்ட சந்தோஷம் இடிச்சாமிக்குத் தாங்கவில்லை. வயதை மறந்து படியிறங்கினார். ஆனாலும் பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்த்து, தனக்குத்தானே முணுமுணுத்தார்: "குறட்டைகூடவா புதுசு இல்ல?"