எஞ்சினுக்குப் பூசிய சந்தனம்

சென்னீர்குப்பத்தில் நான் ஒர்க் ஷாப் வைத்திருந்த தொண்ணூறுகளின் கடைசியில்தான் கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வரத் தொடங்கின. கோளாறு என்றால் மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். சோதனைக்கென்று விட்டிருக்கும் ப்ளக்கில் துண்டு ஒயரால் இரண்டு முனைகளை இணைத்தால் அதே விளக்கு மினுக்கும். மினுக்கலை எண்ணினால் ஒரு நம்பர் கிடைக்கும். கோளாறு இருக்கும் தெருவைத்தான் அது சொல்லும், வீட்டைச் சொல்லாது. இது புரியாமல் ஆளாளுக்கு பார்ட்டை மாற்றுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு கார் அந்த விளக்கோடு வந்தது. டிரைவர் கோவில்பதாகைக்காரர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். கார் முதலாளி இறங்கியதுமே, கழுவுகிறேன் பேர்வழி என்று எஞ்சினைக் கெடுத்துவிட்டான், நாளையிலிருந்து இவன் வேண்டாம் என்று பொரிந்து தள்ளினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் டிரைவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இந்த வேலையும் போச்சுன்னா ஊட்ல அடுப்பு எரியாது அண்ணாத்தே."

மினுக்கலை எண்ணிப் பார்த்தேன். எஞ்சின் சூட்டை அளக்கும் சென்ஸாருக்கான நம்பர். அப்படியானால் அதை மாற்றிவிடுங்கள் என்றார் திரும்பி வந்த முதலாளி. முதலில் அதற்குப் போகும் ஒயரைப் பார்க்கணும் சார் என்று வெடுக்கென்றே சொன்னேன்.

பானட்டைத் தூக்கினால், அடேயப்பா, பேட்டரி, ரேடியேட்டர் ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். சென்ஸார் ஒயரின் கனெக்டர் க்ளிப் பழசாகி உடைந்து வாய் பிளந்திருந்தது. உள்ளே ஈரச் சந்தனம் அப்பிக் கிடந்தது.

"இன்னா நைனா, நீயா பூசினே?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஆமா அண்ணாத்தே, நான்தான்," என்றார், தரையைப் பார்த்தபடி.

முதலாளி குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இவன் இல்லீங்க. பொட்டு வச்சது எங்கம்மா. பக்கத்துல நின்னு கற்பூரம் காட்டினது நான்."

துடைத்துக் காயவைத்து மாட்டி, க்ளிப் உடைந்த இடத்தில் டேப் சுற்றினேன். கம்ப்யூட்டரின் ஃபியூஸைக் கழற்றித் திரும்பப் போட்டதும் பழைய நம்பர் அழிந்து விளக்கு அணைந்தது. ஏன்ப்பா உண்மையைச் சொல்லவில்லை என்று டிரைவரைக் கடிந்துகொண்டேன். அவர் முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சாரோட அம்மா ஆசையா வச்சாங்க. அவங்களப் போய் எப்டி மாட்டி உடறது?"

முதலாளி காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். காரில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் டிரைவரைப் பார்த்து, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுப்பா, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றார்.