ரெண்டு தட்டினால் போ, ஒரு தட்டு தட்டினால் நில்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பதிமூன்று வயதில் லாரி கிளீனர். இருபத்தொன்றில் டிரைவர். முப்பதில் சொந்த வண்டி. அது கவிழ்ந்தது... இன்னொன்று வாங்கினேன். நாற்பதில், 'அங்கே கோழி கூட மேயாது' என்று ஊரே சிரித்த கரட்டு நிலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறை போட்டேன். இன்று வடக்கே எந்த மாநிலத்துக்குப் போனாலும் என் பட்டறை வண்டி ஒன்றாவது எதிரே வரும். பின்கதவு ஓரத்தில் என் பேர் இருக்கும். பெயின்டர் பக்கத்தில் நின்று நானே எழுத வைப்பேன். கட்டியவன் பேர் தெரிய வேண்டாமா?

இவ்வளவும் கட்டியவன் மூன்று வாரமாக இந்தப் பத்தியை எழுதவில்லை. சர்க்கரையா, பிரஷரா என்று விசாரித்தீர்கள். இரண்டும் இல்லை. பயம்.

என் மகள் சுமதியின் பெண் மது. பதினாறு வயது. ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான் – ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. ஆனால் ஒரு முறை பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். சுடுதண்ணி, நாய், லாரி – எதற்கும் பயம் கிடையாது. அவள் பயத்தையும் சேர்த்து நாங்கள்தான் பட வேண்டியிருக்கிறது.

ராசிபுரத்தில் இருக்கிற பயிற்சி மையத்துக்குப் போகிறாள். எழுத்து, கணக்கு அல்ல... தலை சீவுவது, சோறு வைப்பது, உள்ளே தாழ் போட்டுக் குளித்துவிட்டு வருவது. ஜெயந்தி டீச்சர் ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாக நறுக்கிப் படமாக ஒட்டுவார். குளிக்க மட்டும் பதினான்கு படம்! 'பதினாறு வீல் வண்டிக்கே நான் படம் போட்டதில்லையே' என்று சிரித்தேன். ஒரு நாள் மது தானாகக் குளித்து, தானாக உடுத்தி, ஈரத் தலையோடு வந்து நின்றாள். சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அடுத்தது ரோடு.

பஸ் நிறுத்தம் இந்தப் பக்கம், மையம் அந்தப் பக்கம். நடுவில் சேலம் ரோடு. மாப்பிள்ளை போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில். சுமதிக்கு வேலை. 'நாம இல்லாத காலத்துல இவ எப்படிங்ப்பா அந்தப் பக்கம் போவா?' என்பாள். ஊரில் ஒரு ரோட்டைத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் கேட்டது அது மட்டுமா?

மதுவைத் தினமும் ஸ்கூட்டரில் நிறுத்தம் வரை கூட்டிப் போகும் வேலை எனக்கு. டீச்சர் எதிர்ப்பக்கம் நிற்பார்.

"ஐயா, கையைப் பிடிக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. அவளே பார்க்கணும், அவளே முடிவு பண்ணணும்" என்றார். ஆத்தூர்க்காரர் – பேச்சு மெதுவாக, கண் கறாராக.

அவளே முடிவு பண்ணணுமா? அந்த ரோட்டில் வக்கீலும் வாத்தியாரும் முடிவு பண்ண முடியாமல் கால்மணி நேரம் நிற்கிறார்கள்! முதல் நாள் அவள் ஓரத்தில் நின்றபோது என் கை தானாக அவள் கையைத் தேடிப் போனது; இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்ன... பழக்கம்.

லாரிக்காரர்களுக்கு ஒரு பாஷை உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளீனர் பாடியில் கையால் தட்டுவான். ரெண்டு தட்டு – போ. ஒரே தட்டு, ஓங்கி – நில். அதை நம்பித்தான் நான் மலை விளிம்பில்கூட வண்டியைத் திருப்பியிருக்கிறேன். ரோடு காலியானதும் என் ஸ்கூட்டர் தகட்டில் மோதிரக் கையால் 'டொக் டொக்'. மது நடந்தாள். வண்டி வந்தால் 'டொக்'. நின்றாள். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்!

எதிர்ப்பக்கம் நின்ற டீச்சருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அவர் அட்டையில் நாளுக்கு ஒரு பச்சை டிக் போட்டார். நான் நிறுத்தத்துப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, 'அத்தனையும் என் டிரெயினிங்' என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

பரீட்சை ஒரு புதன்கிழமை காலை. சுமதி லீவு போட்டுவிட்டு டீச்சரோடு எதிர்ப்பக்கம் நின்றாள். "நீங்க இன்னைக்கு டீக்கடைக்குள்ள உக்காருங்க ஐயா. மது கண்ணுல படாதீங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரும் என்னோடு கடை மறைவுக்குப் போனது.

மது ஓரத்தில் நின்றாள். வலது பார்த்தாள், இடது பார்த்தாள். படத்தில் இருப்பது போலவே. ரோடு காலி. போகவில்லை. பஸ் ஒன்று போனது. மறுபடி காலி. போகவில்லை. டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். எனக்கு மட்டும் தெரியும், அவள் எதற்காக நிற்கிறாள் என்று.

நிறுத்தத்தைத் தாண்டி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு ஏறினார். கிளீனர் பின்னால் பார்த்துவிட்டு பாடியில் தட்டினான்.

டொக் டொக்.

மது இறங்கினாள்.

வலது பக்கம் சேலம் பஸ். வேகம். கத்த முடியாது! கத்தினால் மது காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. எதிரே சுமதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த முகத்தை இனி நான் எத்தனை வருஷம் இருந்தாலும் மறக்க மாட்டேன். என் கால் எழவில்லை. கைதான் எழுந்தது. கடை முன்னால் தொங்கிய தகர போர்டில் ஓங்கி ஒரே அறை.

ஒரு கால் ரோட்டில், ஒரு கால் மண்ணில்... மது நின்றாள். பஸ் அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போவது போல் உரசிப் போனது.

பிறகு எல்லோரும் ஓடி வந்தோம். சுமதி பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மதுவுக்கு ஒன்றுமே இல்லை. என்னைக் காட்டிச் சொன்னாள்:

"அப்புச்சி ரெண்டு தட்டு, போ. அப்புச்சி ஒரு தட்டு, நில்லு."

டீச்சர் என்னைப் பார்த்தார். டீக்கடைக்காரர் நிலைமை புரியாமல், "ஏனுங் மாமா, பேத்திக்கு லாரி லைசென்ஸ் எடுத்துட்டீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"நாந்தான சாமி நிறுத்துனேன்?" என்றேன் சுமதியிடம்.

"எறக்கி உட்டதும் நீங்கதானுங்ப்பா." குரல் உயரவே இல்லை. "இந்த ரோட்டுல தட்டாத லாரி உண்டுங்களா? எவன் தட்டுனாலும் எம்புள்ள எறங்குவாளே..."

எந்தச் செக்போஸ்ட்டிலும் பேசியே தப்பித்த நான், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று படுத்து யோசித்தேன். நான் மதுவுக்கா கற்றுக்கொடுத்தேன்? என் பயத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. அதை அவள் மேல் வெல்டிங் வைத்துவிட்டேன். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறோம் என்று தோன்றுகிறது.

"இனி நான் வரலீங்க டீச்சர்" என்றேன் மறுநாள்.

"வரணும் ஐயா. நீங்க நிக்கணும், தட்டாம நிக்கணும். லாரி தட்டணும், அவ போகாம நிக்கணும். நீங்க பழக்குனதை மறக்க வைக்கிறதுதான் பெரிய வேலை" என்றார்.

முதல் படத்திலிருந்து மறுபடி. இப்போது டீச்சர் மதுவுக்கு ஓரடி பின்னால். நான் பக்கத்தில், என் இரண்டு கையிலும் கைக்கொன்றாக டீ கிளாஸ். சுமதி ஏற்பாடு. "அப்பத்தானுங்ப்பா உங்க கை சும்மா இருக்கும்." கேலியா, தண்டனையா என்று கேட்கவில்லை. வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வாரம் முழுக்க மது நகரவில்லை. என் கையையே பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? பிரேக் பிடிக்காத வண்டியில் இறக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

போன திங்கட்கிழமை ஒரு லாரி கிளம்பியது. டொக் டொக். மதுவின் வலது கால் அசைந்தது. டீச்சர் கை நீண்டது. மது என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் டீ. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேன் போகட்டும், ரெண்டு பைக் போகட்டும் என்று நின்றாள். பிறகு வலது, இடது, மறுபடி வலது. போனாள்! அந்தப் பக்கம் ஏறியபோதுதான் பார்த்தேன் – சூடான டீ முழுக்க என் கையில் கொட்டியிருந்தது.

ஒரு நாள் போனாள். செவ்வாய்க்கிழமை போகவில்லை. புதன்கிழமை போனாள். இன்னும் எத்தனை லாரி தட்டுமோ...

மது ரோடு கடந்ததற்கு மையத்துச் சுவரில் புது அட்டை ஒட்டியிருக்கிறார்கள். 'கற்பித்தவர்: ஜெயந்தி. வீட்டில் உதவியவர்: சுமதி.' சரி, நியாயம்தான். ஆனால் என் பேர் எங்கே? நான் தட்டியதற்குப் பேர் வேண்டாம் – அந்த அசிங்கம் என்னோடு போகட்டும். ஆனால் 'தட்டாமல் நின்றவர்' என்று ஒரு வரி சேர்த்து, கீழே என் பேரைப் போடுங்கள் டீச்சர். பெயின்டரை நானே கூட்டி வருகிறேன்!