கேரம் பலகையில் எழுதச் சொன்ன சிஸ்டர்

சிஸ்டர் பிலோமினா இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் காதால் கேட்கவில்லை, கண்ணால் படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மொத்தம் நான்கு வரி. படித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. கடைசி வரியில் அடக்கத் திருப்பலியின் நேரம் போட்டிருந்தார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். மருமகள் ஸ்டெல்லா சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் பிலோமினா போயிட்டாங்க, கண்ணு."

"ஐயோ! யாருங்க மாமா சொன்னாங்க?"

"போன்ல போட்டிருக்குது."

"அத யாரு படிச்சுச் சொன்னாங்க?"

"நானேதான் படிச்சேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "எப்ப இருந்துங்க மாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் படிக்கத் தெரியாதவன் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "தினமும் பேப்பரை விரிச்சு வெச்சுட்டு ரெண்டு நிமிசத்துல மடிச்சுருவீங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். கலியாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நம் கோயிலின் செய்தி இதழான பங்கு மடலுக்கு சிஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி ஃபாதர் கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷம் துக்க வீட்டுக்குப் பொருந்தாதது. சிஸ்டர் இருந்திருந்தால் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அந்தோணிசாமி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் தோட்டத்து வேலைக்குப் போனேன். கையெழுத்து மட்டும் போடுவேன். இது என் மனைவிக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் இருந்தவரை எல்லாவற்றையும் மெதுவான குரலில் எனக்குப் படித்துக் காட்டிவிடுவாள். அன்பியக் கூட்டத்தில் பைபிள் வாசகம் படிக்கும் முறை எனக்கு வந்தால் "கண்ணாடியை மறந்துபோட்டேன்" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன். அவள் போன பிறகும் அந்தக் கண்ணாடிதான் என்னைக் காப்பாற்றியது.

மூன்று வருடத்துக்கு முன், ஞாயிறு திருப்பலியை நடத்தும் பொறுப்பு எங்கள் அன்பியத்துக்கு வந்தது. யார் எதைச் செய்வது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதல் வாசகத்துக்கு என் பெயர் வந்தது. "மாமாவுக்குக் கண்ணு சரியில்லைங்க, நான் படிச்சர்றேன்" என்று ஸ்டெல்லா எழுந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கண்ணுக்கு என்ன கேடு? நான் படிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் போனில் அந்த வாசகத்தைப் போட்டுக் கேட்டேன். பேரனிடம் சொல்லித்தான் அதைத் தேடி எடுத்தேன். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வாசக மேடையில் ஏறி நின்று, புத்தகத்தைப் பார்த்தபடி ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன். இறங்கி வந்ததும் கை கொடுத்தார்கள். ரேடியோவில் பேசுவது போல இருந்தது என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

சிஸ்டர் பிலோமினா மட்டும் கை கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, அப்போதுதான் நம் கோயிலை ஒட்டிய மடத்துக்கு வந்திருந்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அந்தோணி, வாசகம் நல்லா இருந்துச்சு. ஆனா அது ரெண்டு பக்கத்துல இருக்குதுங்க. நீங்க பக்கத்தைத் திருப்பவே இல்லையே?"

நான் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன்.

"கேரம் ஆடுவீங்களா?" என்று அடுத்த கேள்வி கேட்டார்.

சிமெண்ட் ஆலையின் மனமகிழ் மன்றத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அதைச் சொன்னேன்.

"அப்ப செவ்வாய், வியாழன் நாலு மணிக்கு மடத்துக்கு வாங்க. நீங்க எனக்குக் கேரம் சொல்லிக் கொடுங்க, நான் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கறேன். யாரு கேட்டாலும் கேரம் ஆடப் போறேன்னு சொல்லுங்க. பொய் இல்லைங்களே."

மடத்து வரவேற்பறையில் பிள்ளைகளுக்காக வாங்கிய பலகை ஒன்று இருந்தது. சிஸ்டர் அதன் மேல் பவுடரைத் தாராளமாகக் கொட்டிப் பரப்பி, விரலால் 'அ' எழுதினார். அதன் மேலேயே என் விரலை ஓட்டச் சொன்னார். யாராவது உள்ளே வந்தால் உள்ளங்கையால் ஒரே துடைப்பு, பிறகு காய்களை அடுக்கிவிடுவோம். மூட்டை தூக்கிய விரல் 'ஐ' எழுத வளையாது. நான் சலித்துக்கொண்டால், "தப்பா எழுதினா பவுடருக்கு வலிக்காதுங்க, இன்னொருக்கா எழுதுங்க" என்பார். பாடம் முடிந்ததும் உண்மையாகவே ஒரு ஆட்டம் ஆடுவோம்.

ஆட்டத்தில் சிஸ்டர் கள்ளத்தனம் செய்வார். இதையும் எழுதத்தான் வேண்டும். அங்கியின் கைப்பகுதி அகலமாக இருக்கும். எட்டி அடிப்பது போலக் கையை நீட்டுவார், சிவப்புக் காய் அரை விரல் குழிப்பக்கம் நகர்ந்திருக்கும்.

"சிஸ்டருங்க, காய் நகர்ந்திருக்குது."

"ஃபேன் காத்துங்க."

"ஃபேன் ஓடலைங்களே."

"அப்ப உங்க கண்ணாடியைப் போட்டுப் பாருங்க" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஒன்றரை வருடத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை எல்லாம் படிக்க வந்துவிட்டது. பீளமேட்டுக்குப் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை ஒருநாள் சத்தமாகப் படித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னிடம் வழி கேட்கத் தொடங்கிவிட்டார். அதைச் சொன்னதும் சிஸ்டர் கைதட்டினார். அன்றிலிருந்து அவர் என்னை விடவில்லை. "இப்ப வீட்டுல சொல்லுங்க. அன்னைக்குக் கை கொடுத்தவங்ககிட்டயும் சொல்லுங்க." நான் கிறிஸ்துமஸ் போகட்டும் என்பேன். கிறிஸ்துமஸ் போனால் ஈஸ்டர் போகட்டும் என்பேன். இத்தனை வருடம் ஏமாற்றிய மனிதன் என்று ஆகிவிடுமே என்று பயம்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை செபத்தில் ஐந்தாம் நிலையை என்னைப் படிக்கச் சொல்லி எல்லோர் முன்னும் சிஸ்டர் புத்தகத்தை நீட்டினார். என்னால் படிக்க முடியும். ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வரும். முன்பு ரேடியோ மாதிரிப் படித்தவன் இப்போது திக்கினால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். "கண்ணாடியை மறந்துபோட்டேனுங்க" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பலகை சுவரில் சாய்ந்திருந்தது. "கண்ணாடி கிடைச்சதும் வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் மறுபடி போனேன். கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் இளம் சிஸ்டர் ஒருவர் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பிலோமினா பழைய பேச்சு எதையும் எடுக்காமல், "அந்தப் பேப்பர்ல கிரிக்கெட் பக்கத்தை எடுத்துப் படிங்க" என்றார். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். முந்தின நாள் ஆட்டத்தின் முடிவு அவருக்குத் தெரியாது. சிஸ்டரைத் தவிர இன்னொருவர் முன்னால் நான் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தது அதுதான் முதல் தடவை. நம் அணி தோற்றுவிட்டது என்று இருந்தது.

"நீங்க தப்பாப் படிக்கறீங்க. இன்னொருக்கா படிங்க."

படித்தேன். மறுபடியும் தோற்றுத்தான் இருந்தது.

"இவ்வளவு நல்லா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். இளம் சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் கிளம்பும்போது, "கோயில்ல எப்ப?" என்றார். "சீக்கிரமுங்க" என்றேன். அதுவே கடைசி.

அடக்கத்தன்று வாசகம் படிக்க யார் வருகிறீர்கள் என்று ஃபாதர் கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், இந்த முறை அவள் எழவில்லை. நான் எழுந்தேன். மற்றவர் மூன்று நிமிடத்தில் முடிக்கும் வாசகம் எனக்கு எட்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நீளமான சொல்லில் நின்றுவிட்டேன். கோயில் முழுக்கக் காத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து அந்தச் சொல்லை முடித்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்போது, எங்கள் தெரு ஆரோக்கியம் வந்து என் தோளைத் தொட்டார். சீட்டுக் குலுக்கிய வருடம் முதலில் கை கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணா, கண்ணுக்கு ஒரு ஆபரேசன் பண்ணிருங்க, தள்ளிப்போடாதீங்க. அன்னைக்கு என்ன அருமையாப் படிச்சீங்க! இன்னைக்கு இப்பிடித் தடுமாறிப்போட்டீங்களே."

"அன்னைக்கு நான் படிக்கலைங்க ஆரோக்கியம். இன்னைக்குத்தான் படிச்சேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அங்கேயே நிறுத்தி முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டர் கொடுத்த எழுத்துகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுதான் இதை எழுதினேன். 'அன்னைக்கு நான் படிக்கலை' என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லிக் கேட்க அவர் ஒன்றரை வருடம் காத்திருந்தார். அவர் காதுபடச் சொல்லாமல் விட்டேன். அதனால் கேட்கிற எல்லோரிடமும் இனிச் சொல்வது என்று வைத்திருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.