மஞ்சள் நுரை

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதுகளில் ஒரு கோடை. அந்தக் கோடையில்தான் என் நைனாவுக்கு மகாபலிபுரத்துக் கடல் மஞ்சளாக நுரைத்தது. நெஞ்சுப் படபடப்புக்குச் செங்கல்பட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, கட்டுமரம் ஏற முடியாமல் மணலில் உட்கார்ந்திருப்பார். நான் கொக்கைக் காட்டுவேன், சிப்பியைக் காட்டுவேன், மேகத்தைக் காட்டுவேன்.

"இது?"

"மஞ்சா."

"இது?"

"அதுவும் மஞ்சாதான் பாப்பா. ஊரு மொத்தத்துக்கும் நலங்கு வெச்சிட்டானுங்க போல!"

யாருக்கும் இல்லாத கண் என் நைனாவுக்கு. குப்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குமட்டல், வாந்தி. நைனாவின் அக்கா, என் அத்தை, காமாலை என்று முடிவுகட்டினாள். சோதனையும் நடந்தது: அவர் மூத்திரத்தில் சோற்றுப் பருக்கைகளை ஊறவைத்து மறுநாள் கழுவிப் பார்த்தார்கள். மஞ்சள் ஏறியிருந்தால் காமாலை.

"வெள்ளையாத்தான கீது," என்றாள் அம்மா.

"நல்லாப் பாருடி, மஞ்சாவா கீது," என்றார் நைனா.

"நோவு உனுக்கா, அவனுக்கா? அவன் கண்ணுக்குத் தெரியாததா உன் கண்ணுக்குத் தெரிஞ்சிடப்போவுது?" என்றாள் அத்தை.

வழக்கு முடிந்தது. தினமும் மோரில் கீழாநெல்லி. மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அம்மா அதையும் வேளை தவறாமல் கொடுத்தாள். ஒரு காலை, பாயிலிருந்து எழுந்தவர் அப்படியே சுருண்டு விழுந்தார்.

செங்கல்பட்டு வரை பஸ்ஸில் அம்மா மடியில் கிடந்தார். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அம்மா மஞ்சள் கதையைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"காமாலை இல்லம்மா, மஞ்சளாத் தெரியறதும் வாந்தியும் மாத்திரை பண்ற வேலை. இவர் உடம்பு தாங்கல. இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா நெஞ்சே நின்னிருக்கும்."

மாத்திரையை நிறுத்தினார்கள். சில நாள் கழித்து நைனா கண் விழித்து, ஆஸ்பத்திரிப் போர்வையை விரலால் நெருடினார்.

"வெள்ளையா கீதே," என்றார்.

அதுவரை கலங்காத அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் தேம்பினேன். இனி நைனாவும் எல்லாரையும் போலத்தானே பார்ப்பார்! அத்தனை மஞ்சளும் போய்விட்டதே! அதற்காகத்தான் அம்மாவும் அழுகிறாள் என்று நினைத்து, அவள் முதுகைத் தடவி, "திரும்ப வந்துடும்மா," என்று ஆறுதல் சொன்னேன்.